குதிரை நடையும் என் வீட்டுக்காரர் நடையும்

"குதிரை மேல ஏறினா பார்க்கின்சன் சரியாயிடுமா?" கோயிலில், கல்யாண வீட்டில், கடையில் பில் போட நிற்கும்போது என்று எங்கே போனாலும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். சரியாகாது. அந்த நோயை நிறுத்திவைக்கிற மருந்து இன்றைக்கு இல்லை. குதிரையாலும் அது முடியாது. ஆனால் சவாரி என் வீட்டுக்காரருக்குச் செய்த உதவியைக் கண்ணால் பார்த்தேன், உள்ளங்கையால் தொட்டு உணர்ந்தேன். எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை, போகிறவர்கள் எதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று எழுதிவைக்கிறேன். நாங்கள் தேடிய காலத்தில் இதைத் தமிழில் சொல்ல ஒருவரும் இல்லை.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நான் திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். அவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த குடும்பம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றார். கோயில் கமிட்டிக்குக் கணக்கு எழுதுவதும் அவர்தான். அந்தக் கணக்கு நோட்டில்தான் நோய் முதலில் தெரிந்தது. பக்கத்தின் மேலே பெரிதாகத் தொடங்கும் எண்கள் கீழே வரவர எறும்பு வரிசையாகச் சுருங்கிவிடும். நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே இருந்தது. பூஜையில் சாம்பிராணி போட்டால் "போட்டியா மா? வாசமே வரல" என்பார். நடுக்கம் வந்தது அதற்கெல்லாம் பிறகு. நரம்பு மருத்துவரான நியூராலஜிஸ்ட் நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்கு, முன்பே தெரிந்த ஒன்றை உறுதி செய்ததுபோல அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறு பகுதி இருக்கிறது. அங்கே அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் இந்த நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை விவரித்து எழுதியது 1817-இல். எல்லாருக்கும் தெரிவது நடுக்கம். வீட்டில் இருப்பவர்களை அலைக்கழிப்பது வேறொன்று. நாம் நடக்கும்போது இப்போது வலது கால், இப்போது இடது கால் என்று யோசிப்பதில்லை; அது தானாக நடக்கிறது. பார்க்கின்சன் அந்தத் 'தானாக' என்பதைத்தான் பறிக்கிறது. என் வீட்டுக்காரருக்குக் காலில் பலம் இருந்தது, வீட்டுப் படிகளை ஏறுவார். ஆனால் சமையலறை வாசல் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போகும், கால் வராது. இதைத்தான் உறைவு என்பார்கள். அப்படியே முன்னுக்கு விழுவார்.

ஒரு தைப்பூசத்துக்குக் கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்துக்குப் போயிருந்தோம். காவடிக் கூட்டத்துக்குள் அவரை விட எனக்குப் பயம். ஆனால் மேளத்துக்குப் பின்னால் போய் நின்றவர் ஒரு இடத்தில்கூட நிற்காமல் கோயிலைச் சுற்றி வந்தார். மேளம் நின்றதும் காலும் நின்றது. பிசியோவிடம் சொன்னேன். அந்தப் பெண் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்காரி, நம் ஆட்கள்தான். வியப்பே காட்டவில்லை. "ஆண்ட்டி, உள்ளே இருக்கிற தாளம்தான் அங்கிளுக்குப் போச்சு. வெளியிலேருந்து தாளம் குடுத்தா மூளை வேற வழியா கால அசைக்கும்" என்றாள். காதில் விழும் தாளமும், கண்ணில் படும் கோடும் அப்படி வேலை செய்யுமாம். பிறகு சொன்னாள்: "தாளத்த இடுப்புக்கே நேரா குடுக்க ஒரு வழி இருக்கு. குதிரை."

குதிரை நடக்கும்போது நான்கு குளம்பும் ஒன்றன்பின் ஒன்றாக, சீராக விழும். முதுகில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு அந்த ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் சாயும், லேசாகத் திரும்பவும் செய்யும். மனிதர்கள் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ, ஏறத்தாழ அதே அசைவு. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட நூறு அசைவுகள், அவர் ஒன்றும் செய்யாமலே. விழாமல் உட்கார்ந்திருக்க முதுகும் வயிறும் ஒவ்வொரு அசைவுக்கும் தானாகப் பதில் சொல்லியாக வேண்டும். எந்த 'தானாக'வை நோய் பறித்ததோ, அதைக் கேட்டுத் தட்டுகிற வேலை இது. பிசியோ விளக்கியபோது பாதிதான் புரிந்தது. மீதி குதிரைக்குப் பக்கத்தில் நடந்தபோது புரிந்தது.

உடல் முடியாதவர்களைக் குதிரையில் ஏற்றுவது புதிய பழக்கமும் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். ஏறவும் இறங்கவும் ஆள் வேண்டும். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார். அதன் பிறகுதான் உலகம் முழுக்க இதற்கான மையங்கள் பெருகின. தென்னாப்பிரிக்காவிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிச் சங்கம் ஒன்று 1973 முதல் இருக்கிறது, சார்டா என்பார்கள். இந்த மாதிரி மைதானங்களில் நாங்கள் பார்த்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். வயதானவர்களை ஏற்றுவார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இதில் இரண்டு வகை உண்டு. பிசியோவோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ குதிரையின் அசைவையே சிகிச்சைக்குப் பயன்படுத்துவது ஹிப்போதெரபி. சவாரி ஆசிரியர் மாற்றுத்திறனாளிகளுக்குச் சவாரி சொல்லித்தருவது இன்னொன்று. இரண்டும் நல்லதே. ஆனால் நடையில் தடுமாற்றம் உள்ள பார்க்கின்சன்காரருக்கு, தொடக்கத்திலாவது, நோயைத் தெரிந்த தெரபிஸ்ட் கூடவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் இருக்கிறது. நாங்கள் முதலில் போன ஒரு இடத்தில் ஆசிரியர் அன்பானவர்தான், பார்க்கின்சன் பற்றி ஒன்றும் தெரியாது. சாதாரண ஆளை ஏற்றுவதுபோலத் தரையிலிருந்து அங்கவடியில் காலை வைத்து எம்பச் சொன்னார். இவரால் எம்ப முடியவில்லை. "கமான், கமான்" என்று அவசரப்படுத்த, இவர் அப்படியே உறைந்துபோனார். ஒரு கால் அங்கவடியில், ஒரு கால் மண்ணில். குதிரை நகரத் தொடங்கியது. நான் போய்ப் பிடித்திராவிட்டால் இடுப்பு முறிந்திருக்கும். அவசரப்படுத்தினால் உறைவு கூடும் என்பது இந்த நோயின் பாலபாடம். அது தெரியாத இடத்துக்குப் போகாதீர்கள்.

பிறகு பிசியோ சொல்லி ஷொங்வேனிப் பக்கம் ஒரு லாயத்துக்குப் போனோம். மேரியன்ஹில் சுங்கச்சாவடி தாண்டி மேட்டு நிலம், கரும்பும் புல்வெளியுமாக இருக்கும். அந்த வட்டாரமே குதிரைக்குப் பேர்போனது. டர்பன் ஜூலைப் பந்தயத்துக்கு ஓடும் குதிரைகள் பல அங்கேதான் பழகுகின்றன. என் வீட்டுக்காரருக்கு ஜூலைப் பந்தயம் என்றால் உயிர். 1897-இலிருந்து ஓடும் பந்தயம், அவருடைய அப்பா காலத்திலிருந்தே வீட்டில் பேசுகிற சங்கதி. ஆனால் வாழ்நாளில் ஒரு குதிரையைத் தொட்டதில்லை. பந்தயக் குதிரையைக் கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். வந்தது புரூனோ. பசோத்தோ இனம், பக்கத்து நாடான லெசோத்தோவின் மலைக் குதிரை. குட்டையாக, அகன்ற முதுகோடு, எதற்கும் பதறாமல் நிற்கும். மலைச்சரிவில் கல் பார்த்து நடந்து பழகிய இனம் என்பதால் அடி சீராக விழுமாம். இந்த வேலைக்கு உயரமும் வேகமும் வேண்டாம், நிதானம் வேண்டும்.

புரூனோவைப் பிடித்து நடத்துகிறவரும் லெசோத்தோக்காரர். என் வீட்டுக்காரரை "ந்தாத்தே" என்றும் என்னை "ம்மே" என்றும் மரியாதையாக அழைப்பார். அதிகம் பேசமாட்டார். நாக்கைத் தட்டி ஒரு சத்தம் எழுப்புவார், குதிரை கேட்கும்.

ஏறுவதற்குச் சாய்தளம் இருந்தது. இவர் நடந்து மேலே போய், குதிரை முதுகில் முதலில் பக்கவாட்டில் உட்காருவார். பிசியோ பின்னால் இருந்து முதுகைத் தாங்கிக்கொள்ள, வலது காலைக் கழுத்துப் பக்கமாகத் தாண்டவைத்து அந்தப் பக்கம் இறக்குவார்கள். இடுப்பு இறுகிப்போனவர்களுக்குக் காலைப் பின்பக்கம் வீசிப் போடுவதைவிட இது எளிது. ஹெல்மெட் கட்டாயம். இடுப்பில் கைப்பிடி வைத்த பெல்ட். முன்னால் ஒருவர் குதிரையைப் பிடிக்க, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நடப்போம். ஒரு பக்கம் பிசியோ, மறுபக்கம் நான். எனக்கு அதற்கென்று பயிற்சி கொடுத்தார்கள். முன்கையைத் தொடைமேல் குறுக்கே வைத்து உள்ளங்கையால் சேணத்தைப் பிடிக்க வேண்டும். ஆளை இழுத்துப் பிடிக்கக் கூடாது.

தொடக்கத்தில் சேணமே போடவில்லை. தடித்த கம்பளியும், மேலே கைப்பிடி வைத்த வாரும் மட்டும். குதிரையின் உடம்புச் சூடு 38 டிகிரி அளவில் இருக்கும், நம்மைவிடக் கொஞ்சம் கூட. அந்தச் சூடு நேராகத் தொடைக்கு ஏறும். முதல் சுற்றில் என் கைக்குக் கீழே அவர் தொடை கட்டைபோல இருந்தது, உள்ளே நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. புரூனோ ஒரே சீராக நடந்தது. நான்கைந்து சுற்றுக்குப் பிறகு அந்தத் தொடை மெதுவாக இளகி, முழங்கால் கீழே தொங்க ஆரம்பித்ததை உள்ளங்கையில் உணர்ந்தேன். பிசியோ மேசையில் அவ்வளவு நேரம் இழுத்துவிட்டும் இளகாத தசை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேலே இருந்து "என்னா மா?" என்றார். "ஒண்ணுமில்லங்க, முன்னால பாருங்க" என்றேன்.

முன்னால் பார்ப்பதும் பாடத்தில் ஒன்று. பார்க்கின்சன்காரர்கள் குனிந்து தரையைப் பார்த்தே பழகிவிடுவார்கள். "அங்கிள், புரூனோவோட ரெண்டு காதுக்கு நடுவுல பாருங்க" என்று பிசியோ சொல்லிக்கொண்டே வருவாள். காதுக்கு நடுவில் பார்த்தால் கழுத்து நிமிரும், கழுத்து நிமிர்ந்தால் முதுகு கூடவே நிமிரும்.

சும்மா வட்டமடித்தால் போதாது. நடந்து நிற்பது, நின்று கிளம்புவது, பெரிய வளைவு, சின்ன ஏற்றம், வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. கிளம்பும் கணத்தில்தான் உடம்பு பின்னால் சாயும், அதைச் சமாளிக்கும் பயிற்சி அதில் இருக்கிறது. கிளம்புவதற்குக் கட்டளையை அவரே கொடுக்க வேண்டும், "வாக் ஆன்" என்று. இந்த நோயில் குரல் தேய்ந்து முணுமுணுப்பாகிவிடும். அவருக்கு அது தெரியவே தெரியாது, நமக்குத்தான் காது கேட்கவில்லை என்பார். லெசோத்தோக்காரர் வைராக்கியமாக இருந்தார். குரல் அவர் நிற்கும் இடத்துக்குத் தெளிவாக வராதவரை குதிரையை நகர்த்தமாட்டார். கோபம் வந்து ஒருநாள் என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து லாயத்துக் குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. "யெஸ், ந்தாத்தே!" என்று அவர் சிரித்துக்கொண்டே நடத்தினார். வீட்டில் என்னிடம் பேசும்போதும் கொஞ்ச நாளைக்கு அந்தக் குரல் இருந்தது.

இறங்குவதுதான் அபாயமான இடம், இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். பார்க்கின்சனிலும் அதன் மாத்திரையிலும் எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மேலே இருந்துவிட்டுத் தரையைத் தொட்டதும் தலை சுற்றும், பின்னுக்குச் சாய்ந்து விழுவார்கள். அதனால் ஒரு ஆள் கட்டாயம் பின்னால் நிற்க வேண்டும். இறங்கியதும் குதிரையைப் பிடித்தபடியே கொஞ்சம் நிற்க வேண்டும். தலை தெளிந்த பிறகுதான் முதல் அடி. தண்ணீர் கையில் இருக்கட்டும். டர்பன் பக்கத்துக் கோடைப் புழுக்கத்தில் இது இரட்டிப்பாகும். கோடையில் காலை நேரமே சரி. இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சவாரிக்கு அருமையான பருவம். ஆனால் விடிகாலைக் குளிரில் உடம்பு இறுகும், வெயில் ஏறிய பிறகு போங்கள்.

இறங்கிய பிறகு நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது. மைதானத்தில் குதிரை தாண்டிப் போவதற்கு மரக்கழிகளைத் தரையில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். சவாரி முடிந்த சூட்டோடு அவற்றின் மேல் இவரையே நடக்கச் சொன்னாள் பிசியோ. ஒவ்வொரு கழியையும் தாண்டி, ஒன்றில்கூட உறையாமல், நீளமாக அடி வைத்துப் போனார். வலது கை வீசியது. நோட்டில் எண்கள் சுருங்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒட்டியே கிடந்த கை. சவாரி தந்த தாளம் இடுப்பில் கொஞ்ச நேரம் தங்குகிறது, அந்த நேரத்தில் நடையைப் பழக்கினால் அது ஏறுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். சவாரியோடு காரில் ஏறி வந்துவிட்டால் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். எந்த மையத்துக்குப் போனாலும் இறங்கிய பிறகு நடக்க இடமும் நேரமும் கேளுங்கள்.

மாத்திரைக் கணக்கைப் பற்றி. லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரை வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம் என்று நாளே இரண்டாகப் பிரிந்துகிடக்கும். சவாரியை வேலை செய்யும் நேரத்தின் நடுவில் வைக்க வேண்டும். மையம் கொடுக்கும் நேரத்துக்கு நாம் வளையக் கூடாது. அவருக்கு மாத்திரை வேலை செய்யத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது, எப்போது இறங்குகிறது என்று முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், அந்தத் தாளைக் காட்டி நேரம் கேளுங்கள். பால், பருப்பு, முட்டை, கறி போன்ற புரத உணவு லெவோடோபாவோடு போட்டிபோடும். சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்போ, சாப்பிட்டு ஒரு மணிக்குப் பிறகோ மாத்திரை போடுவது பொதுவாகச் சொல்லும் வழி. உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு. ஒரு தடவை என்-3 சாலையில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நகரவே இல்லை. போய்ச் சேரும்போது மாத்திரை இறங்கிக்கொண்டிருந்தது, கார்க் கதவைத் திறந்தால் காலை வெளியே வைக்க முடியவில்லை. பிசியோ ஏற்றவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு தூரம் வந்தது வீணாயிற்றே என்று இவருக்கு வருத்தம். எனக்கு அவள்மேல் மதிப்பு கூடியது. இல்லை என்று சொல்லத் தெரிந்த மையமே நம்பத் தகுந்த மையம். அன்றைக்கு அவர் வேலிப் பக்கம் உட்கார்ந்து புரூனோவுக்குத் தேய்த்துவிட்டார். தூரிகையை நீளமாக, கழுத்திலிருந்து முதுகு வரைக்கும் இழுத்துத் தேய்ப்பது, சுருங்கிப்போன கை அசைவுக்கு நல்ல பயிற்சி என்று பிறகு ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்துக்கொண்டோம்.

இந்த நாட்டுக்கே உரிய இரண்டு சங்கதிகள். ஒன்று உண்ணி. புல்வெளியில் நடந்தால் ஏறும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமயிர் என்று பார்த்துவிடுங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சல், கடும் தலைவலி, கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், டாக்டரிடம் போக வேண்டும். பார்க்கின்சன்காரருக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் நடை மொத்தமாக விழும். நோய் திடீரென்று முற்றிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்.

இன்னொன்று ஆப்பிரிக்கக் குதிரை நோய். கண்ணுக்கே சரியாகத் தெரியாத சின்னக் கொசுப்பூச்சி பரப்புவது. மனிதர்களுக்கு ஆபத்தில்லை, குதிரைக்கு எமன். கோடை முடிவில் மழை ஓய்ந்த மாதங்களில் உச்சம். மேட்டுப் பகுதிகளில் உறைபனி விழுந்தால்தான் பூச்சி அடங்கும். வருடா வருடம் தடுப்பூசி போடுகிறார்கள், அந்தி முதல் விடிந்து வெயில் வரும்வரை குதிரைகளை லாயத்துக்குள் அடைக்கிறார்கள். இருந்தும் ஒரு பருவத்தில் அங்கே ஒரு குதிரை போய்விட்டது. புரூனோ பிழைத்தது. ஆனால் வகுப்பெல்லாம் நின்றது.

நின்றதும் என்ன ஆனது என்பதைச் சொல்லியாக வேண்டும். வாரங்கள் போகப்போக அடி மறுபடி குறுகியது. சமையலறை வாசலில் உறைவு திரும்பி வந்தது. இதைப் பற்றி நடந்திருக்கும் ஆய்வுகளும் சிறியவை, சில பேரை வைத்துச் செய்தவை. சமநிலையும் நடையும் கொஞ்சம் மேம்படுவதாகச் சொல்பவை உண்டு, நெடுங்கால உறுதியை யாரும் தரவில்லை. எங்கள் வீட்டில் நான் பார்த்ததும் அதுதான். நடுக்கம் துளியும் குறையவில்லை. தூக்கமின்மை குறையவில்லை. மலச்சிக்கலும் அப்படியே. கிடைத்தது நடை, நிமிர்வு, குரல், இந்த மூன்று. அதுவும் தொடர்ந்து செய்யும் வரைக்கும். மனசும் லேசானது. அதற்கு அளவுகோல் எதுவும் என்னிடம் இல்லை, வாரத்தில் ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிடாமல் தானே சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார் என்று மட்டும் சொல்வேன்.

வகுப்பு நின்ற அந்த இடைவெளியில்தான் மைதானத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். கூடத்திலிருந்து சமையலறை வரை தரையில் மஞ்சள் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டினேன், மரக்கழிகளுக்குப் பதிலாக. இடைவெளி அவருடைய நல்ல நேரத்து அடி நீளம். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து, அவர் வசதியாக நடக்கும் வேகத்துக்குத் தட்டவிட்டோம். சில நாள் மேளப் பாட்டு. குதிரையிடம் கற்ற இன்னொன்று திரும்புவது. குதிரை நின்ற இடத்தில் சட்டென்று சுழலாது, வளைந்து திரும்பும். இவர் பெரும்பாலும் விழுந்ததெல்லாம் அடுப்பு மேடை முன்னால் சட்டென்று திரும்பும்போதுதான். இப்போது மேசையைச் சுற்றி அகலமாக வளைந்து வருகிறார். "புரூனோ மாதிரி வாங்க" என்றால் போதும், புரிந்துகொள்வார். இடம் வேண்டுமென்று இரண்டு நாற்காலியை எடுத்துவிட்டேன்.

வகுப்பு மறுபடி தொடங்கியதும் போனோம், இன்றும் போகிறோம். வீட்டுப் பயிற்சி இருந்ததால் விட்ட இடத்தைப் பிடிக்க முன்னைப்போல நேரமாகவில்லை.

எல்லாருக்கும் இது ஆகாது. எலும்புத் தேய்மானம் அதிகமுள்ளவர்கள், இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், முதுகெலும்பில் பிரச்சினை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மூளையில் மின்கருவி வைத்தவர்கள், கை கால் கட்டுப்பாடில்லாமல் துள்ளும் டிஸ்கைனீசியா கடுமையாக உள்ளவர்கள், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவர்கள், இவர்களெல்லாம் நியூராலஜிஸ்ட் எழுத்தில் சம்மதம் தராமல் ஏறக் கூடாது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். எடையும் பார்ப்பார்கள், சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. அதைக் குதிரைக்குச் செய்யும் மரியாதையாக எடுத்துக்கொள்ளுங்கள், சண்டை போடாதீர்கள். ஏற முடியாதவர்களும் லாயத்துக்குப் போகலாம். குதிரையைத் தேய்த்துவிடுவதும், பக்கத்தில் பிடித்து நடத்துவதும் பயிற்சிதான்.

பணம். பதிவுபெற்ற பிசியோ நடத்தினால் பில் பிசியோதெரபி என்று வரும். மெடிக்கல் எய்டிடம், அதாவது மருத்துவக் காப்பீட்டுக்காரர்களிடம், முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு மாதிரி. சவாரி ஆசிரியர் நடத்தினால் நம் பையிலிருந்துதான். மாத்திரை விஷயம் வேறு: தென்னாப்பிரிக்காவில் பார்க்கின்சன் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, அதற்கான அடிப்படைச் சிகிச்சையை எந்த மெடிக்கல் எய்டும் தட்டிக்கழிக்க முடியாது. இது தெரியாமல் கைக்காசு போட்டு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த குடும்பத்தை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பதிவு செய்யாதவர்கள் உடனே செய்யுங்கள்.

முதல் போனிலேயே கேட்க வேண்டியவை: பார்க்கின்சன் ஆளை இதற்கு முன் ஏற்றியிருக்கிறீர்களா? தெரபிஸ்ட் கூட இருப்பாரா? சாய்தளம் இருக்கிறதா? பக்கத்தில் நடக்க இரண்டு ஆள் உண்டா? கழிவறை பக்கத்தில் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்த நோயில் சிறுநீர் அவசரம் சொல்லாமல் வரும், மைதானத்திலிருந்து தூரமென்றால் அந்தப் பதற்றத்திலேயே கால் உறையும்.

போகும்போது கேரட் கொண்டுபோங்கள், குதிரைக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் சந்தோஷம். ஆனால் விரலால் பிடித்து நீட்ட வேண்டாம். நடுங்கும் விரல் எது, கேரட் எது என்று குதிரைக்குத் தெரியாது. உள்ளங்கையை விரித்து வைக்க முடிந்தால் அதில் வையுங்கள், முடியாவிட்டால் வாளியில் போட்டு வாளியை நீட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரர் வாளியைத்தான் நீட்டுகிறார், இரண்டு கையாலும்.